வாளி மூடியில் ஓர் உப்பு மனிதன்

சித்திரை வெயிலில் இரும்பு ஏணி எப்படிக் காயும் என்பது கட்டட வேலைக்குப் போகிறவர்களுக்குத்தான் தெரியும். பெரம்பலூர் துறைமங்கலத்தில் ஒரு மாடி வீட்டு வேலை. கலவைச் சட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு சிந்தாமணி பொழுதெல்லாம் அந்த ஏணியில் ஏறி இறங்கினாள். செருப்புப் போட்டால் வழுக்கிவிடும் என்று வெறுங்கால்தான். கூடவே கலியம்மாளும் சுமந்தாள். உச்சி வெயிலிலும் ஏணிப்படி காலைச் சுடவில்லை. பக்கத்து வீட்டு வேப்பமர நிழல் விழுகிறது போலிருக்கிறது என்று சிந்தாமணி நினைத்துக்கொண்டாள். அதற்கு மேல் யோசிக்க அவளுக்கு நேரமும் இல்லை.

ஒருநாள் பெயின்டர் ராஜதுரை காய்ச்சல் என்று வேலைக்கு வரவில்லை. அன்றைக்கு வெயில் ஏறின கொஞ்ச நேரத்திலேயே, ஏணியில் கால் வைத்தவள் சட்டியைப் போட்டுவிட்டுக் கீழே குதித்தாள். உள்ளங்கால் கன்றிப்போயிற்று. கலியம்மாள் படியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, என்னடி இது, தோசைக்கல்லாக இருக்கிறது என்றாள். சாரத்தின் மேல் நின்றிருந்த மேஸ்திரி கருப்பண்ணன் சிரித்தார்.

"ஏணிக்கு அபிஷேகம் பண்றவன் இன்னிக்கு லீவுல்ல" என்றார்.

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. கீழ்த்தளத்துச் சுவர்களுக்கு வண்ணமடிக்குமுன் பட்டி பூசி இழுத்துக்கொண்டிருந்த ராஜதுரை, வேலைக்கு நடுவே எழுந்து வந்து, வாளித் தண்ணீரை மக்கில் மொண்டு ஏணிப்படிகளில் ஊற்றிவிட்டுப் போவாராம். பெண்கள் மணல் சலிக்கவோ தண்ணீர் குடிக்கவோ போகிற நேரமாகப் பார்த்து ஊற்றுவாராம். யாரும் அவரைக் கேட்கவில்லை. அவரும் யாரிடமும் சொல்லவில்லை. காய்ச்சல் விட்டு அவர் வந்த அன்று சிந்தாமணி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் சுவரைப் பார்த்தபடியே பட்டித் தகட்டை இழுத்துக்கொண்டிருந்தார். அவள் சொல்லாமலே மாடிக்குப் போய்விட்டாள். ஆனால் ஒவ்வொரு படியிலும் ஈரம் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துக் கால் வைத்தாள்.

ராஜதுரைக்கு நாற்பது தாண்டியிருந்தது. அரியலூர்ப் பக்கம் சொந்த ஊர். அப்பா சீக்கிரமே போய்விட்டதால், தங்கைகளைக் கரையேற்றுகிற பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. ஒவ்வொருத்தியாகக் கட்டிக் கொடுத்து, அவர்களுடைய பிள்ளைகளுக்குக் காதுகுத்தி முடித்துத் திரும்பிப் பார்த்தபோது, இவருக்குப் பெண் பார்க்கவேண்டும் என்ற நினைப்பு யாருக்கும் இல்லை. பெரம்பலூரில் ஒரு சின்ன அறையை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு இருந்தார். சிந்தாமணியின் கதையும் பெரிய கதையில்லை. புருஷன் லாரியில் கிளீனராகப் போனவர், ஒரு விபத்தில் போய்ச் சேர்ந்தார். மகள் மேகலா அப்போது தவழ்கிற குழந்தை. அன்று எடுத்த சட்டியை இவள் இன்னும் இறக்கி வைக்கவில்லை. சட்டி சுமந்தே மகளைப் பெரம்பலூர்க் காலேஜ் வரைக்கும் கொண்டுவந்துவிட்டாள்.

கட்டட வேலையில் ஒரு வழக்கம் உண்டு. சித்தாள்கள் எல்லா ஆண்களையும் அண்ணே என்றுதான் கூப்பிடுவார்கள். அது மரியாதைக்கும் ஆச்சு, காவலுக்கும் ஆச்சு. கொத்தனாரண்ணே, கம்பிகட்டறண்ணே, பெயின்டரண்ணே. சிந்தாமணியும் மற்ற எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவாள். ராஜதுரையை மட்டும், இந்தாங்க, பெயின்டரே என்பதோடு நிறுத்திக்கொள்வாள். அவரும் கலியம்மாளைத் தங்கச்சி என்பார். இவளைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார். கலியம்மாள் சும்மா இருப்பாளா?

"நாங்கல்லாம் அண்ணேங்கறோம். ஒனக்கு மட்டும் அது தொண்டையில மாட்டிக்குதாடி?"

"சிமெண்டுத் தூசு அடைச்சிருக்கு. போடி வேலையப் பாத்துக்கிட்டு" என்றாள் சிந்தாமணி.

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் உள்ளுக்குள் அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. அந்த மனுஷர் ஒரு வார்த்தை கேட்டால் போதும், தான் சரியென்று சொல்லிவிடுவோம் என்று. அவர் கேட்கவேண்டுமே. அந்த ஒரு வார்த்தைக்காக அவள் காத்திருந்தாள்.

ராஜதுரை வாய் திறந்து பேசுகிற ஒரே விஷயம் அவருடைய படப் புத்தகங்கள்தான். அவை அவரிடம் வந்ததே ஒரு கதை. லப்பைக்குடிக்காட்டில் ஒரு பெரிய வீட்டுக்கு வண்ணமடிக்கப் போயிருந்தார். அந்த வீட்டு மகன் அமெரிக்காவில் இருந்தார். பேரப்பிள்ளைகள் லீவுக்கு வரும்போதெல்லாம் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போன படக்கதைகள் ஒரு டிரங்குப் பெட்டி நிறையக் கிடந்தன. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், எடைக்குப் போடத்தான் வைத்திருக்கிறேன், நீங்கள் படம் வரைகிற ஆள், பிடித்தால் கொண்டுபோங்கள் என்று அந்த வீட்டுப் பெரியவர் பெட்டியோடு தூக்கிக் கொடுத்துவிட்டார்.

ராஜதுரை அஞ்சாங்கிளாஸோடு நின்றவர். இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிப் படிக்கவும் வராது. ஆனாலும் மதியம் சாப்பிட்ட கையோடு ஒரு புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு படம் படமாகப் பார்ப்பார். வானத்தில் பறக்கிறவர்கள், மலையைப் பெயர்க்கிறவர்கள், பள்ளிக்கூடப் பையிலும் சாப்பாட்டு டப்பாவிலும் அச்சடித்திருக்கிற பெரிய ஆட்கள், இவர்கள் யாரையும் அவர் பொருட்படுத்த மாட்டார். ஓரத்தில் வந்துவிட்டுப் போகிறவர்களைத்தான் தேடுவார். ரெண்டு பக்கம் வருவார்கள், அப்புறம் காணாமல் போவார்கள். நல்லவர்களும் உண்டு, கெட்டவர்களும் உண்டு. பேர் படிக்கத் தெரியாததால் அவரே ஆளுக்கொரு பேர் வைத்திருந்தார். ஈயச்சட்டித் தலையன் என்று ஒருத்தன். கொட்டாவிக்காரன் என்று ஒரு திருடன், அவன் கொட்டாவி விட்டால் தெருவே தூங்கிவிடும். கடைசியில் திருடப் போன இடத்தில் அவனே கொட்டாவி விட்டுத் தூங்கி மாட்டிக்கொண்டான். பொத்தான்காரி என்று ஒருத்தி. அவள் சட்டைப் பொத்தானெல்லாம் விளக்காக எரியும்.

அந்தப் பொத்தான்காரியைச் சிந்தாமணிக்கு அவர் காட்டினது அவளுக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது. பெரிய ஆட்கள் ரெண்டு பேர் நடுவில் கட்டிப் புரள்கிறார்கள். மூலையில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு பெண் நிற்கிறாள்.

"சண்ட போடறவன எல்லாரும் பாக்கறாங்க. அந்த இருட்டுல வெளிச்சம் காட்டறது யாரு? இவதான். அடுத்த பக்கத்துல ஆளக் காணோம். எங்க போனா, சாப்ட்டாளா, ஒண்ணும் எழுதல."

"எழுதினவனுக்கே தெரியாதோ என்னவோ."

"அவனுக்குத் தெரியாட்டி நாமளாச்சும் கேக்கணும்ல, சிந்தாமணி" என்றார் அவர்.

இவ்வளவு அக்கறையாகக் கேட்கிற மனுஷர், நம்மை ஒருநாள் கேட்டால் என்ன என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

இந்தப் புத்தகங்களால் ராஜதுரைக்கு ஊரில் ஒரு பேரும் கிடைத்தது. புதுவீடு கட்டும்போது கண்திருஷ்டிக்கு ஒரு கோர முகத்தை மாட்டி வைப்பது நம் பக்கத்து வழக்கம். போகிறவர் வருகிறவர் விடுகிற பெருமூச்சு வீட்டின் மேல் விழாமல் அந்த ராட்சசன் மேல் விழட்டும் என்று கணக்கு. சிலர் பூசணிக்காயில் வரைவார்கள், சிலர் கடையில் வாங்குவார்கள். ராஜதுரை பெயின்ட் வாளியின் வட்ட மூடியில் எனாமலில் வரைந்து கொடுப்பார். கடைகளில் கிடைக்கும் முகங்கள் எல்லாம் ஒரே அச்சு. இவர் வரைவதோ யாரும் பார்த்திராத முகம். படக்கதையில் வருகிற சின்ன வில்லன்களைத்தான் வரைந்தார். கெட்டவனாக இருந்தவன், வந்து நாலு வீட்டுக்காவது உதவட்டும் என்பார். கருப்பண்ணன் மேஸ்திரி எடுத்த வேலைகளுக்கெல்லாம் இவர் மூடிதான் போயிற்று.

அதிலும் ஒரு முகத்துக்கு ரொம்பக் கிராக்கி. கோடையில் ஏரி வெடித்துக் கிடக்குமே, அதுபோல முகமெல்லாம் வெடிப்பு. நெற்றியில் ரெண்டு புடைப்பு, கொம்பு முளைக்கப் பார்க்கிற மாதிரி. குழி விழுந்த கண். வெடிப்பு ராட்சசன் என்று பேர் வைத்திருந்தார். புத்தகத்தில் அவன் வருவது ரெண்டே பக்கம். ஒரு வீடு முழுக்க வெள்ளையாக எதுவோ மூடிக் கிடக்கிறது. ஜன்னலுக்குள் ஒரு தாயும் பிள்ளையும் பயந்துபோய்ப் பார்க்கிறார்கள். வெளியே இவன் ரெண்டு கையையும் விரித்துக்கொண்டு கதவைப் பார்த்து வருகிறான். பெரம்பலூர்ப் பக்கம் வெள்ளையாக மலைபோலக் குவிந்து கிடப்பது பருத்திதான். அதனால், யாரோ வீட்டுக்காரர் மேல் உள்ள ஆத்திரத்தில் பஞ்சைக் கொட்டி வீட்டை மூடிவிட்டு, தாயையும் பிள்ளையையும் பிடிக்கப் போகிறான் என்று ராஜதுரை முடிவு செய்திருந்தார். சிந்தாமணியும் படத்தைப் பார்த்துவிட்டு அதையே சொன்னாள். கலியம்மாள் ஒருபடி மேலே போய், எத்தனை குவிண்டால் பஞ்சு வீணாகிறது பார் என்று வருத்தப்பட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ராஜதுரை சிந்தாமணியின் வீட்டு வாசல் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக் கொடுக்க வந்திருந்தார். கூலி வேண்டாம், காப்பி போதும் என்று சொல்லித்தான் வந்தார். கூடவே ஒரு மூடியும் அந்தப் புத்தகமும் கொண்டுவந்திருந்தார், மிச்ச நேரத்தில் வரைய. மேகலா காப்பி கொண்டுவந்து வைத்தவள், புத்தகத்தைக் கையிலெடுத்துப் புரட்டினாள். கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் படித்தாள். பிறகு, இவரை எதற்கு ராட்சசன் என்கிறீர்கள், இவர் நல்லவராயிற்றே என்றாள்.

ராஜதுரையின் பிரஷ் அப்படியே நின்றது.

மேகலா ஒவ்வொரு படமாக விரல் வைத்துச் சொன்னாள். அது பஞ்சு இல்லை, பனி. அந்த ஊரில் வீடே மூடிப்போகிற அளவுக்குக் கொட்டுமாம். உள்ளே தாயும் பிள்ளையும் மாட்டிக்கொண்டார்கள், கதவு திறக்க முடியவில்லை. இந்த ஆள் உடம்பெல்லாம் உப்பு. முன்னே எந்தப் புத்தகத்திலோ திருடனாக இருந்தானாம். உப்புப் பட்டால் பனி கரைந்துவிடும், அங்கே ரோட்டிலேயே உப்புத்தான் போடுவார்களாம். அதனால் இவன் வாசலில் கிடக்கிற பனியின் மேல் தன் உடம்போடு விழுந்து கரைக்கிறான். பனி கரைகிறது. கூடவே இவனும் கரைகிறான். கடைசிப் படத்தில் கதவு திறந்து தாயும் பிள்ளையும் வெளியே வருகிறார்கள். ராஜதுரை அந்தப் படத்தை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். ராட்சசன் ஓடிப்போய்விட்டான் போலிருக்கிறது என்றுதான் நினைத்திருந்தார்.

மேகலா சொல்லி முடித்தபிறகு அவர் அந்த ரெண்டு பக்கத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காப்பி ஆறி ஆடை கட்டிவிட்டது.

"ஊரு கண்ணையெல்லாம் ஒரு நல்லவன் மேல விழ வச்சிட்டேனே" என்றார் கடைசியில்.

நமக்கு இது சின்ன விஷயமாகப் படலாம். படத்தில் இருக்கிற ஆள்தானே என்று தோன்றலாம். ஆனால் சாமி பயம் உள்ளவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. கெட்டவன் முகத்தில்தான் திருஷ்டி விழவேண்டும். உயிரைக் கொடுத்து ஒரு வாசலைத் திறந்துவிட்டவனை, வாசல்தோறும் தொங்கவிட்டு, மிளகாய் சுற்றிப்போட்டு, தூ தூ என்று துப்பவும் விட்டாயிற்று. ராஜதுரை ரெண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு வேறு முகம் வரைந்த மூடிகளைக் கட்டி எடுத்துக்கொண்டு, தொங்குகிற வீடுகளுக்கெல்லாம் போய் மாற்றிவிட்டு வருவது என்று தீர்மானித்தார். கருப்பண்ணன் தலையிலடித்துக்கொண்டார். வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லையே, விட்டுத்தொலை என்றார். இவர் கேட்கவில்லை.

நானும் வருகிறேன் என்றாள் சிந்தாமணி. அந்த வீடுகளுக்கெல்லாம் நான் சட்டி சுமந்திருக்கிறேன், வீட்டுப் பெண்களைத் தெரியும், நீங்கள் போய் வாசலில் பேசாமல் நின்றால் திருடன் என்று நினைப்பார்கள் என்று காரணம் சொன்னாள். அந்தக் காரணம் அவ்வளவும் உண்மைதான். ஆனால் காரணம் அது மட்டும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் போனார்கள். பஸ்ஸில் அவள் ஜன்னலோரம், அவர் பக்கத்தில், மடியில் மூடிக் கட்டு. அரும்பாவூரில் ஒரு அம்மா கதையைக் கேட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அப்ப இவரு நல்லவரா, இத்தனை நாளா வெயில்ல காயவிட்டுட்டமே என்று சொல்லி, அந்த மூடியை ஈரத்துணியால் துடைத்து, உள்ளே சாமி படங்களுக்குக் கீழே கொண்டுபோய் வைத்துவிட்டது. இன்னொரு வீட்டில், இது வந்தபிறகுதான் போர்வெல்லில் தண்ணீர் வந்தது, மாற்ற மாட்டோம் என்று விரட்டாத குறையாக அனுப்பினார்கள். அந்த வீட்டைத் தாண்டி வந்து ரெண்டு பேரும் சிரித்தார்கள். ராஜதுரை அப்படி வாய்விட்டுச் சிரித்து அவள் பார்த்ததில்லை.

கடைசியாகப் போனது திருமானூர். கொள்ளிடக்கரைப் பக்கம், கரும்புத் தோட்டத்தை ஒட்டின வீடு. அந்த வீட்டு ராசாத்தி அம்மாள் தங்கமான மனுஷி. புது மூடியை வாங்கி மாட்டச் சொன்னாள், மோர் கொடுத்தாள், உட்காரவைத்துப் பேசினாள். கிளம்பும்போது உள்ளே போய்க் குங்குமச் சிமிழும் ஒரு முழம் மல்லியும் கொண்டுவந்தாள்.

"புருசனும் பொஞ்சாதியுமா மொத மொத வூட்டுக்குள்ள வந்து ஒக்காந்திருக்கீங்க. வெறுங்கையா அனுப்பக் கூடாது."

நான் அப்படி இல்லைங்க என்று சொல்லவேண்டும். சொல்லியிருக்க வேண்டும். அவள் ராஜதுரையைத் திரும்பிப் பார்த்தாள். அவர் சொல்லட்டும் என்று பார்த்தாளா, சொல்லாமல் இருக்கட்டும் என்று பார்த்தாளா, அவளுக்கே தெரியாது. அவர் கழற்றின மூடியைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார். இல்லை என்று அவர் சொல்லவில்லை. அவள் கையை நீட்டிப் பூவை வாங்கிக்கொண்டாள். குங்குமத்தைக் காகிதத்தில் மடித்து வாங்கிக்கொண்டாள். ராசாத்தி அம்மாள் நல்லா இருங்க என்று வாசல் வரை வந்து வழியனுப்பினாள்.

அரியலூர் பஸ்ஸில் கூட்டம் இல்லை. பூவை மடியில் வைத்திருந்தாள். தலையில் வைக்கவில்லை. பஸ் முழுக்க மணத்தது. இப்போது கேட்பார், இப்போது கேட்பார் என்று ஒவ்வொரு ஊராக அவள் கடந்தாள். அவர் பேசினார். ஆனால் பேசினது உப்பு மனிதனைப் பற்றி.

"கதவத் தொறந்துக்கிட்டு வந்தவங்களுக்கு யாரு செஞ்சதுன்னே தெரியாமப் போச்சு பாரு" என்றார்.

"தெரியாமப் போச்சேன்னு அவனுக்கு வருத்தம் இருந்திருக்குமா?"

பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்று கிளம்பியது.

"இருந்திருக்கும்" என்றார்.

"ஒரு வார்த்த சொல்லிட்டுக் கரஞ்சிருக்கலாம்" என்றாள் அவள், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு. அரியலூர் வந்துவிட்டது.

அடுத்து வந்த திங்கட்கிழமை அவள் சிறுவாச்சூருக்குப் போனாள். அங்கே திங்களும் வெள்ளியும்தான் அம்மன் நடை திறப்பார்கள். மதுரகாளியம்மன் முன்னால் நின்று, தாயே என்று மட்டும் வந்தது. மகளுக்கு நல்ல இடம் அமையவேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். தனக்கு வேண்டியதை வாயால் கேட்க வெட்கமாக இருந்தது. மனசில் இருப்பது அவளுக்குத் தெரியாததா என்று விட்டுவிட்டு வந்தாள்.

வேண்டிக்கொண்டது பலித்தது, சொன்னது மட்டும். படிப்பு முடிந்த கையோடு மேகலாவுக்கு ஜெயங்கொண்டம் பக்கத்திலிருந்து ஒரு இடம் வந்தது. பையன் பேர் அறிவரசன். நல்ல குடும்பம், கொஞ்சம் கௌரவம் பார்க்கிற குடும்பம். பெண்ணைப் பிடித்துவிட்டது, பேசி வைத்துக்கொள்வோம், ஆனால் ஊருக்குள் நாலு பேரை விசாரிப்போம் என்றார்கள். விசாரித்தவர்கள் காதில் திருமானூர் பஸ் பயணமும் விழுந்திருக்கவேண்டும். கருப்பண்ணன் கெட்டவர் இல்லை. ஆனாலும் ஒருநாள் மதியம், மணல் குவியலுக்கு அந்தப் பக்கம் ராஜதுரையை உட்காரவைத்து, இந்தச் சமயத்தில் நீ அந்த வீட்டு வாசலை மிதிக்காமல் இருப்பது அந்தப் பெண் பிள்ளைக்கு நல்லது என்று சொல்லியிருக்கிறார். செங்கல் அடுக்கிக்கொண்டிருந்த கலியம்மாள் அதைக் கேட்டுவிட்டு வந்து சிந்தாமணியிடம் சொன்னாள். அவர் என்ன சொன்னார் என்று இவள் கேட்டாள். சரியென்று தலையை ஆட்டினார் என்றாள் கலியம்மாள். எப்போதும் கிண்டல் செய்கிறவள், அன்று இவள் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள்.

அப்புறம் எல்லாம் வேகமாக நடந்துவிட்டது. லப்பைக்குடிக்காட்டுப் பெரியவரின் சொந்தக்காரர் மஸ்கட்டில் பெயின்டிங் கான்டிராக்ட் எடுக்கிறவர். ஆள் வேண்டும் என்றார்கள். ராஜதுரை பாஸ்போர்ட் எடுத்துவிட்டார் என்பதே சிந்தாமணிக்கு மேஸ்திரி சொல்லித்தான் தெரியும். ஊர் வாய் அடங்கட்டும் என்று போகிறார் என்பதை யாரும் அவளுக்குச் சொல்லவேண்டியிருக்கவில்லை. கோபமாகத்தான் இருந்தது. என் மகள் நல்லதுக்கு என்று என்னைக் கேட்காமலே முடிவு செய்துவிட்டு இவர் பாட்டுக்குப் போகிறாரே, நானும் அந்தப் பனி மூடின வீட்டுக்குள் இருக்கிற ஆள்தானே, கதவைத் திறந்து வருகிறபோது எனக்கு யாரும் இருக்கவேண்டாமா என்று கேட்கவேண்டும் போலிருந்தது. மேகலாவே ஒருநாள், நீ அவரைப் பார்த்துப் பேசும்மா, எனக்கு ஒன்றும் இல்லை, எனக்கு வாய்க்கிறவன் இதற்காகப் போகிறவனாக இருந்தால் போகட்டும் என்றாள். பெற்றவள் அப்படி இருக்கமுடியுமா?

இப்போது அவர் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. சிந்தாமணிக்கு அவர் போன் செய்ததில்லை. கருப்பண்ணனிடம் பேசுவார். அங்கேயும் வெயில்தானாம், உயரமான கட்டடமாம். பேசி முடிக்கும்போது, எல்லாரையும் கேட்டதாச் சொல்லுங்க என்பாராம். மேஸ்திரி அதை வேலைக்கு வந்ததும் எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லுவார். அந்த எல்லாரிலிருந்து தன் பங்கை மட்டும் பிரித்தெடுத்துக்கொண்டு சிந்தாமணி அன்றைய பொழுதை ஓட்டுவாள். சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில் எந்தப் புது வீட்டு வாசலில் வட்டமாக எது தொங்கினாலும் நின்று பார்ப்பாள். பெரும்பாலும் கடையில் வாங்கினதாகத்தான் இருக்கும்.

மேகலாவுக்குத் தை மாதம் நாள் குறித்தாகிவிட்டது. வீட்டார் விசாரித்துத் திருப்திப்படுகிற வரைக்கும் அறிவரசன் பொறுமையாகக் காத்திருந்தான், நல்ல பையன். பத்திரிகை அடிக்க, பெரம்பலூரில் அச்சுக்கூடம் வைத்திருக்கிற சசிகலாவிடம் போயிருந்தார்கள். பாட்டன் பாட்டி, தாய்மாமன், அத்தை, சித்தப்பா, பெரியப்பா என்று முறைப்படி பேர்களைக் கம்ப்யூட்டரில் அடித்துக்கொண்டே வந்த சசிகலா, இன்னும் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டாள். ஒரு பேர் இருக்கிறது, ஒரு வரி இடம் விட்டு வை, நாளைக்கு வந்து சொல்கிறேன் என்றாள் சிந்தாமணி. மேகலா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

அந்த ஒரு வரியைக் கேட்டு வைத்தது அவர்தான், போகிற அன்று. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் திருச்சி பஸ் கிளம்ப நின்றது. மேஸ்திரியும் கலியம்மாளும் வழியனுப்ப வந்தவர்கள், டீ குடிக்கிறோம் என்று நகர்ந்துபோனார்கள். ராஜதுரை புதுச்சட்டை போட்டிருந்தார், மடிப்புக் கலையாமல். என்ன பேசுவது என்று தெரியாமல் ரெண்டு பேரும் பஸ் போர்டையே படித்துக்கொண்டு நின்றார்கள். கண்டக்டர் விசில் ஊதினார். அவர் ஒரு கால் படியில் வைத்துவிட்டுத் திரும்பினார்.

"பாப்பா கல்யாணப் பத்திரிகையில எம் பேரையும் ஒரு ஓரமாப் போடச் சொல்லு, சிந்தாமணி."

எத்தனையோ மாதமாக அவள் கேட்கவேண்டும் என்று இருந்ததெல்லாம் சேர்ந்து ஒரே கேள்வியாக வந்தது.

"என்ன மொறன்னு போடறது?"

பஸ் நகர ஆரம்பித்தது. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முதல்முறையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தார்.

"அத நீதான் சொல்லணும். நீ எதப் போட்டாலும் நான் வந்துடறேன்."